பட்டன் மிச்சம், ஆயுள் மிச்சமில்லை

டயரின் வயதைப் பட்டனை வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். லாரிக்காரர் பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார், நாமும் பார்ப்போம், பேச்சு முடிந்தது. லாரிக்கு அது போதும். மாதம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியில் டயர் கிழடாவதற்குள் மொட்டையாகிவிடும். அமெரிக்காவின் மோட்டார் ஹோம் இதற்கு நேர் எதிர். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் சுமக்கும் அந்த வீடு, வருஷத்தில் பெரும்பாலான நாள் வெட்டவெளியில் நின்றபடிதான் இருக்கும். ஒன்பது வருஷம் கழித்துப் பார்த்தாலும் பட்டன் பாதிக்கு மேல் இருக்கும். அதை நம்பிக் கோடை விடுமுறைக்குக் கிளம்பியவரின் முன்சக்கரம்தான் நெடுஞ்சாலையில் வெடிக்கிறது.

டயருக்குள் நாம் அடிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன், அழுத்தம் தாங்காமல் ரப்பரினூடே வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. வழியில் எஃகு பெல்ட்டுகளைக் கவ்வியிருக்கும் ரப்பரை இறுக வைக்கிறது. வெயில் கூடினால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். வெளிப்பக்கத்து எதிரி ஓசோன். அதற்காகத்தான் ரப்பர் கலவையில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு, மடங்கி, விரியும்போது அவை மேலே வந்து படலமாகப் படியும். நிற்கிற டயருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. கருகருவென்று மின்ன வேண்டும் என்று பெட்ரோலிய எண்ணெய் கலந்த பாலிஷைத் தடவுகிறவர்கள், இருக்கிற படலத்தையும் கரைத்துவிடுகிறார்கள். (அந்தப் பாட்டிலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்பதும் நாம்தான்.)

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை, டயரின் முதுமையை ஆராய வெயிலுக்குப் பெயர்போன பீனிக்ஸ் நகரத்து வண்டிகளிலிருந்து டயர்களைக் கழற்றிச் சோதித்தது. உருளாமல் கிடந்த ஸ்டெப்னிக்கும் வயதாகிறது என்பது அந்த ஆய்வுகளில் தெரிந்தது. 2007இல் அத்துறை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கும் இருந்தது. டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெயில் மாநிலங்களில் அதன் வாடிக்கையாளர்கள் 27 சதவீதம்தான். டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளோ 77 சதவீதம். அந்தக் கோரிக்கைகளிலும் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள்.

ஆகவே மோட்டார் ஹோம்காரர் கடைக்கு வந்து, விலையைக் கேட்பதற்கு முன் “எந்த வாரத்து டயர்?” என்று கேட்டால் அவரைத் தொல்லை பிடித்தவர் என்று நினைக்க வேண்டாம். அவர் வாங்குவது கிலோமீட்டர் அல்ல, வருஷம். மிஷலின் உள்ளிட்ட கம்பெனிகளே ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கின்றன. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்தில் கழற்றிவிடச் சொல்கின்றன. கனத்த வண்டி வைத்திருக்கும் பலர் ஏழாம் வருஷத்திலேயே மாற்றிவிடுகிறார்கள். ஏழு வருஷம் என்றால் 84 மாதம். 14 மாதம் குடோனில் கிடந்த டயரைப் புது விலைக்குத் தள்ளினால் ஆறில் ஒரு பங்கை அவரிடமிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டோம் என்று பொருள்.

இதற்கு டீலர்கள் சொல்லும் பதில் தெரியும்: இருட்டான, குளிர்ந்த குடோனில் காற்றில்லாமல் கிடக்கும் டயர், வெயிலில் பாரம் தாங்கி நிற்கும் டயர்போல் கெட்டுப்போவதில்லை. உண்மைதான். ஆனால் அந்த வண்டியை நாளை வாங்க வருகிறவரும், பழுதுபார்க்கும் பட்டறைக்காரரும் பார்ப்பது பக்கவாட்டில் பதிந்த தேதியை. குடோன் குளுமையாக இருந்தது என்று எந்த டயரிலும் எழுதியிருக்காது. நேர்மையான வழி ஒன்றுதான்: பழைய சரக்கு என்று சொல்லி, அதற்கேற்ற விலை போடுவது.

மறுபக்கமும் உண்டு. போன மாதம் செய்த டயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு நம் தொழில் புரியவில்லை. 11ஆர்22.5, 295/75ஆர்22.5 போன்ற லாரி அளவுகள் வந்த வேகத்தில் போய்விடும். 235/80ஆர்22.5, 255/80ஆர்22.5 அப்படியல்ல, வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மோட்டார் ஹோம்காரர்களே. அந்த அளவுக்கு ஆலை எப்போதும் அச்சு மாட்டி வைத்திருக்காது. கொஞ்சமாகச் செய்துவிட்டு அடுத்த அளவுக்குப் போய்விடும். இவற்றில் ஆறு மாதத்துக்குட்பட்ட டயர் கிடைத்தால் நல்ல டயர் என்பது எங்கள் கருத்து. அதையும் வண்டி கடை வாசலுக்கு வந்த பிறகு பேசக் கூடாது. முன்பணம் வாங்கும்போதே “இந்த வாரத்துக்கு முந்தியது வந்தால் திருப்பி அனுப்புவோம்” என்று மொத்த வியாபாரிக்கு எழுதிவிட வேண்டும். டயர்கள் வந்திறங்கியதும், டிஸ்க்கில் ஏற்றுவதற்கு முன், ஆறையும் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரே கட்டில் வந்த ஆறில் ஒன்று மட்டும் போன வருஷத்ததாக இருப்பது அதிசயமல்ல.

குறியீட்டைப் படிப்பது நமக்குத் தெரிந்ததுதான். டி.ஓ.டி. வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்; 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். முழுக் குறியீடு ஒரு பக்கத்திலாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மறுபக்கத்தில் தேதி இல்லாமல் இருக்கலாம். பின்னால் இரட்டை டயர் மாட்டும்போது தேதியுள்ள பக்கம் உள்ளே போய்விட்டால், பிறகு தேதி பார்க்க டார்ச்சோடு வண்டிக்கடியில் ஊர்ந்து போக வேண்டியதுதான். மாட்டும்போது தேதி வெளியே தெரியும்படி திருப்பிப் போடுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

தேதி புதிதாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு குட்இயர் ஜி159 சாட்சி. 275/70ஆர்22.5 அளவில் 1996 முதல் 2003 வரை செய்யப்பட்ட டயர் அது. ஊருக்குள் சுற்றும் சரக்கு வண்டிகளுக்காக வடிவமைத்ததை மோட்டார் ஹோம்களில் மாட்டி நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டியதால் சூடேறிக் கழன்றது என்பது குற்றச்சாட்டு. பல வருஷ விசாரணைக்குப் பிறகு, சுமார் 1,73,000 டயர்களைத் திரும்பப் பெறுவதாக அந்தக் கம்பெனி 2022இல் அறிவித்தது. அப்போது கடைசி டயருக்கே வயது பத்தொன்பது. ஆகவே தேதியைக் கேட்கும் அதே மூச்சில் வண்டியின் எடையையும் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி, துணிமணி, பாத்திரம் எல்லாம் ஏற்றிய பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் எடை. கம்பெனியின் பார அட்டவணையில் அதற்கு வேண்டிய காற்று.

நம்மூரில் மோட்டார் ஹோம் அதிகமில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். படப்பிடிப்புத் தளத்தில் நாள் முழுக்க ஏ.சி. ஓட நிற்கும் கேரவன் அதன் ஒன்றுவிட்ட தம்பிதான். ஏப்ரல், மே மாத வெயிலில் மைதானத்தில் வரிசைகட்டி நிற்கும் பள்ளிப் பேருந்தும், கூப்பிட்டால் மட்டும் கிளம்பும் தீயணைப்பு வண்டியும் இந்தக் குடும்பமே. ஒரகடத்திலும் தேர்வாய் கண்டிகையிலும் டயர் ஆலைகள் இருக்க, கூப்பிடு தூரத்துக் கடைக்காரர் ஒன்றரை வயது டயரைக் கேரவனுக்கு மாட்டிவிட்டு “இப்பத்தான் சார் லோடு வந்துச்சு” என்று சொல்வதில் பெருமை ஒன்றுமில்லை. லோடு வந்த நாளை யாரும் கேட்கவில்லை. பில்லில் அளவுக்கும் விலைக்கும் நடுவே நான்கு இலக்கம் எழுத இடமிருக்கிறது. எங்களுக்கு வந்த பில்களில் அதை எழுதியிருந்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.