மாதிரி வரையக் கற்பித்தல்

மென்பொருள் மாதிரி வரைதலைக் கற்பிக்கும்போது குறியீடுகளையே முதற்கண் புகட்டுதல் வழக்கமாகிவிட்டது. 1997-ஆம் ஆண்டில் பொதுத் தரமாக ஏற்கப்பெற்ற ஒருங்கிணைந்த மாதிரி மொழியின் கட்டங்களும் அம்புகளும் பயனுடையனவே. ஆயினும் எது பொருள், எது அதன் பண்பு, எது பொருள்களுக்கிடையே உள்ள உறவு எனப் பிரித்தறியும் பயிற்சியே முந்த வேண்டும். 1976-இல் பீட்டர் சென் வெளியிட்ட மாதிரிக்கும் இப்பகுப்பே அடிப்படையாகும்.

இப்பயிற்சிக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்கள் தக்க சான்றாகும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆங்குத் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

மாணவர் பதிவேட்டுக்கு மாதிரி வரைபவர் தாய்மொழியை மாநிலத்தின் பண்பாக அமைத்தால், பாறசாலைத் தமிழ்க் குழந்தையின் மொழி மலையாளம் என்றே பதிவாகும். அப்பதிவைக் கொண்டு பாடநூல் கணக்கிட்டால், அக்குழந்தைக்குத் தமிழ் நூல் வாராது. கட்டளை நிரலை எத்துணை ஆராயினும் இப்பிழை புலப்படாது. அது மாதிரியில் உள்ளது. தாய்மொழியை மாணவரின் பண்பாக்கினால் குறை நீங்கும். வீட்டில் இரு மொழிகள் வழங்குமாயின், மொழியைத் தனிப் பொருளாக்கி, பலவற்றுக்குப் பல என்னும் உறவால் மாணவரோடு இணைத்தல் வேண்டும்.

ஆகவே ஆசிரியர்கள் கணிப்பொறியைத் தொடுமுன் தாளும் பென்சிலும் தந்து, மாணவர் தம் ஊரையே மாதிரியாக வரையச் செய்வார்களாக. படிவத்தில் அடங்காத குடும்பங்களைக் களப்பணியாளர் நன்கறிவர். அவற்றை ஆசிரியர்க்கு எடுத்துரைப்பின், அதுவே சிறந்த பாடமாகும்.