கூலிக்காரர் வரலாறும் நம் வரலாறே

நம் சங்க விழாக்களில் ராஜராஜனையும் கரிகாலனையும் போற்றாத ஆண்டில்லை. வயலில் இறங்கியவர் யார், அவர் பெற்ற கூலி என்ன என்று கேட்பவர்தாம் குறைவு. அப்படிக் கேட்ட ஒருவரை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

தர்மா குமார் 1928இல் லாகூரில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. நம் பிள்ளைகளைப் போலவே வெளியூரில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, தென்னிந்திய நிலத்தையும் சாதியையும் பற்றி 1965இல் ஆங்கில நூல் வெளியிட்டார். நிலமற்ற கூலிகளை வெள்ளையராட்சியே உண்டாக்கியது என்ற கருத்தை அதில் மறுத்தார். அவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். பாலக்காடு அடங்கிய மலபாரில் செறுமர் எனப்பட்ட மக்கள் விற்கப்பட்டார்கள், ஒற்றி வைக்கப்பட்டார்கள், பாட்டத்துக்கும் விடப்பட்டார்கள். அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஆதரவு 1843இல்தான் நீங்கியது. பின்னர் டெல்லியில் பேராசிரியராக விளங்கிய தர்மா குமார் 2001இல் மறைந்தார்.

பழியை அந்நியன்மேல் மட்டும் போட முடியாது என்பதே நான் கற்ற பாடம். இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டம் போட்டவர் வெள்ளையர். ஆனால் ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணி நம்மவர். அந்த வழி வந்த பெண்கள்தாம் 232 ரூபாய் நாட்கூலி போதாதென்று 2015இல் மூணாறு வீதிக்கு வந்தார்கள். 2020இல் பெட்டிமுடி மண்சரிவு 70 உயிர்களைக் கொண்டுபோனது, லயங்களோடு.

அன்பர்களே, ஊர்வீட்டில் பழைய பட்டா, குத்தகைச் சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு இருந்தால் எறியாதீர்கள். டாக்டர், எஞ்சினியர் படிப்பை விட்டு வரலாறு படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.