குப்பியில் கால் பங்கு

கொக்குவில் ஆடியபாதம் வீதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. அங்கிருந்து சில கட்டை மேற்கே மானிப்பாய். 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் வைத்தியம் படிப்பித்த ஊர். அவர் 1884இல் இறந்தார். விடியப்புறம் புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்கப்போய்ப் புடையன் பாம்பு கடித்து வந்தவருக்கு ஏற்ற அவரிடம் விஷமுறிவு மருந்து இருக்கவில்லை. அது 1890களில்தான் வந்தது. அதற்குப் பின்னாளில் துணையான அட்ரினலினை 1901இல் யப்பானியரான தகமீனே பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே பிரான்சில் றிஷேயும் போர்ட்டியேயும், நஞ்சுக்குப் பழக்க நினைத்த நாய் இரண்டாம் முறை கொடுத்த சிறு அளவிலேயே செத்துவிழக் கண்டு, அந்தக் கடும் ஒவ்வாமைக்கு அனபிலாக்சிஸ் எனப் பெயரிட்டார்கள்.

விஷத்தை முறிக்கும் மருந்தே ஆளையும் முறிக்கலாம். குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பதை நம் உடல் அந்நியமாகப் பார்க்கிறது. இலங்கைக்கு அந்த மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அங்கே அதைச் செய்ய வேண்டிய நஞ்சைக் கறந்து கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்.

மருந்தால் வரும் இந்த ஒவ்வாமைக்கு இலங்கையரும் விடை தேடினார்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வாவும் சக வைத்தியர்களும் பாம்பு கடித்த 1007 பேரிடம் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மருந்தேறியவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு உடனடித் தாக்கம். முன்கூட்டியே தோலின் கீழ் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் போட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான தாக்கங்கள் 43 சதவீதம் குறைந்தன. காலங்காலமாக நம்பிக் கொடுத்துவந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசீனும் அப்படிக் காக்கவில்லை.

அட்ரினலின் வருவது சுண்டுவிரலளவுக் கண்ணாடிக் குப்பியில். உள்ளே ஒரு மில்லிலீற்றர், ஒரு மில்லிகிராம். கழுத்தை முறித்துத் தாதி இழுப்பது காற்பங்கு. ஒவ்வாமை வெளிப்பட்டே விட்டால் வளர்ந்தவருக்கு அரைக் குப்பி, தொடைத் தசையில், உடனே. நெஞ்சு படபடக்குமே என்று இந்த ஊசிக்குத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயங்கும் நிமிடங்களே ஆளைக் கொல்பவை.

இந்த ஒவ்வாமை வீட்டிலும் வரலாம்: குளவி கொட்டியோ இறால் சாப்பிட்டோ மேலெல்லாம் தடித்து, மூச்சிழுத்து, தலை சுற்றினால் பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசையோடு இருந்துவிடாதீர்கள். ஆளைப் படுக்க வையுங்கள், எழுப்பி நடத்த வேண்டாம். மூச்செடுக்க முடியாவிட்டால் மட்டும் சாய்த்து இருத்துங்கள். 2018 முதல் வடக்கிலும் இலவச அம்புலன்ஸ் ஓடுகிறது. உடனே அழையுங்கள், இலக்கம் 1990.