58 வயதில் மிஞ்சுவது என்ன?

வாலிபத்திலேயே சேமித்தால் முதுமையில் கஷ்டமில்லை என்று உபதேசிக்கிறார்கள். எதிலிருந்து சேமிப்பது, தோழர்களே?

திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாய் நுழைகிற இளைஞன், ஒன்றரை ஷிப்டு உழைத்து டெய்லராகிறான். முப்பதில் வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு. ஐம்பதில் கண் மங்குகிறது. பீஸ்ரேட்டுக் கூலியும் சரிகிறது.

அப்புறம்? 1995-ம் ஆண்டு பி.எப். பென்ஷன் திட்டப்படி, 58 வயதில் மாதப் பென்ஷன் பெறப் பத்தாண்டு சர்வீஸ் வேண்டும். காண்ட்ராக்டரின் பதிவேட்டில் பெயரே ஏறாதவனுக்கு ஏது சர்வீஸ்? 20 பேர் இருந்தால் பி.எப். சட்டம் பாயும் என்று, கம்பெனியைத் துண்டு துண்டாகக் காட்டும் முதலாளிகளும் உண்டு. (வயலில் உழைக்கும் தோழருக்கோ அந்தப் பதிவேடே கிடையாது!) பெயர் ஏறியவருக்கும் 2014-ல் சர்க்கார் வைத்த குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்தான். காஸ் சிலிண்டர் வாங்கினால் மிச்சம் சில்லறை.

சனிக்கிழமை முதல் சம்பளம் வாங்கும்போதே இளந்தோழர்கள் கேட்கட்டும்: "பி.எப். நம்பர் எங்கே?"