வழியில் வைத்த தண்ணீர்

சென்ற மாரிக்காலத்தில் ஒரு நாள், விடிந்தது முதல் எனக்கு எதுவும் சரியாக அமையவில்லை. இரத்தினபுரிக்கு அப்பால் ஒரு றப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழும் என் சின்னம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தவென்று இருவரும் கந்தோர் ஒன்றின் வாசலிற் காத்துக் கிடந்தோம். மூன்று மணி நேரத்தின் பின் கிடைத்தது, சிங்களத்தில் மாத்திரம் அச்சிட்ட ஒரு படிவம். "நிரப்பிக்கொண்டு நாளைக்கு வாருங்கள்" என்றார் லிகிதர். நாளைக்கும் வருவதென்றால் சின்னம்மாவுக்கு இன்னுமொரு நாட் சம்பளம் நட்டம்.

எழுத்துப் பிழைதானே என்று நகைப்போர் வரலாற்றை மறந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. அத்தனை காலமும் காகிதமே மனிதனின் தலைவிதியை எழுதியது. சின்னம்மாவின் கை நடுங்கியதற்குக் காரணம் குளிர் மட்டுமன்று.

எனக்கோ வெட்கம். பல்லாண்டு ஆசிரியத் தொழில் புரிந்தவன். சிங்களம் பேசுவேன், எழுத வராது. பஸ் நிலையத்து ஓரத்தில் மழைக்கு ஒதுங்கி, படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றோம். அருகில் லொத்தர்ச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெரியவர் எம்மைக் கவனித்தார் போலும். சீட்டுப் பலகையைச் சுவரிற் சாய்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "கொண்டு வாங்க அம்மே" என்றார் அரைத் தமிழில். பெயர், தந்தை பெயர், ஊர் என ஒவ்வொன்றாகக் கேட்டு முத்து முத்தாக எழுதினார். நனையாதிருக்கப் பொலித்தீன் உறையொன்றில் இட்டுக் கொடுத்தார். தேநீருக்கு அழைத்தோம், தலையசைத்து மறுத்துவிட்டுத் தம் பலகையைத் தூக்கினார். "மாத்தயா, நல்லா இருக்கணும்" என்றார் சின்னம்மா. அன்றைக்கு முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் சினந்தார். "1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை ஒருவர் கருணையாகத் தந்தார் என்று மகிழ்கிறீரே!" என்றார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. லொத்தர்ச் சீட்டு விற்பவரின் பேனா, அரசாங்கம் செய்யத் தவறியதற்கு ஈடாகாது. தமிழ்ப் படிவம் வேண்டுமென்று நாம் கேட்டே தீரவேண்டும், கேட்டும் எழுதிவிட்டேன்.

ஆனால் உரிமையும் கருணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சட்டம் தமிழ்ப் படிவத்தைத் தரும். நடுங்கும் கையைக் கண்டு பலகையை இறக்கி வைக்கும் மனத்தை அதனால் தர இயலாது. அப்பெரியவர் எழுதித் தந்த படிவத்தினும் பெரியது ஒன்றுண்டு: இவ்வூர் முழுவதும் நமக்குப் பகையென்று அன்றைக்கு நான் செய்ய இருந்த முடிவை அவர் செய்யவிடாது தடுத்துவிட்டார்.

இம்மண்ணுக்கு இது புதிதன்று. முன்பின் அறியாத வழிப்போக்கனுக்காகச் சிங்களக் கிராமத்தார் பாதையோரம் வைக்கும் தண்ணீர்ச் சாடிக்குப் 'பின்தாலிய' என்று பெயர். புண்ணியச் சாடி என்பது பொருள். நம்மவர் தண்ணீர்ப் பந்தலும் சுமைதாங்கிக் கல்லும் அதே அறத்தின் பிள்ளைகள். இரத்தினபுரி வழியாகச் சிவனொளிபாத மலை ஏறுவோரைப் பாருங்கள்: ஏறுவோரும் இறங்குவோரும் இனமோ சமயமோ வினவாமல் 'கருணாவயி' என வாழ்த்திக் கடக்கின்றனர். மலையில் இயல்பாக வரும் அச்சொல், கந்தோர் வாசலில் மட்டும் ஏன் வரக்கூடாது?

மறுவாரம் முதல் சிங்கள எழுத்தை முறையாகக் கற்கத் தொடங்கினேன். இனி அக்கந்தோர் வாசலில் யாரேனும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நின்றால், என் பையிலும் ஒரு பேனா இருக்கும்.