இந்த வருஷமாவது இலிஷ் உண்டா?

கொல்கத்தாவில் மழை பிடித்துக்கொண்டால் வீடுகளில் இரண்டு பேச்சு கிளம்பிவிடும். ஒன்று, இலிஷ் மீன் என்ன விலை? இரண்டாவது, ஈஸ்ட் பெங்கால் இந்த வருஷமாவது தேறுமா?

இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அதன் ரசிகர் வீட்டில் இலிஷ் குழம்பு. எதிரணி மோகன் பகான் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இறால். இலிஷ் கிழக்கு வங்கத்தின் பத்மா நதி மீன். அங்கிருந்து வந்தவர்கள் பாங்கால். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள் கோட்டி. (நெல்லைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே அதற்கு வேறு அர்த்தம்.) பாங்கால் பையனுக்கும் கோட்டிப் பெண்ணுக்கும் கல்யாணம் என்றால், சம்பந்திகள் ஜாதகத்துக்கு முன்னால் பார்ப்பது கிளப்பைத்தான் என்று அங்கே கேலி செய்வார்கள்.

கிளப் பிறந்ததே ஒரு ரோஷத்தில். 1920 ஜூலை 28 அன்று மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் அணி, சைலேஷ் போஸ் என்ற வீரரைச் சேர்க்காமல் விட்டது. கோபித்துக்கொண்டு வெளியேறிய சுரேஷ் சந்திர சௌத்ரியும் நண்பர்களும் நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, புது கிளப் தொடங்கிவிட்டார்கள். பிறகு 1947 வந்தது. வீடு வாசலை விட்டு வந்து அகதிக் குடியிருப்புகளில் ஒண்டியவர்களுக்கு ஊர்ப் பெயரைத் தாங்கி நின்றது இந்தச் சிவப்பு-தங்க பனியன் ஒன்றுதான். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான், வெங்கடேஷ் என்ற அந்த முன்வரிசைக்கு ரசிகர்கள் வைத்த பெயர் பஞ்ச பாண்டவர். ஐந்து பேரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. அதை யாரும் கணக்கில் எடுக்கவுமில்லை!

அப்படிப்பட்ட அணி 2025 வரை கடைசியாகத் தேசிய லீக் பட்டம் வென்றது 2003-04ல். அன்று பிறந்த குழந்தை இன்று வேலைக்குப் போகிறது. 2020ல் ஐ.எஸ்.எல். போட்டிக்குள் நுழைந்த பிறகு முதல் ஐந்து சீசன்களில் பிடித்த இடங்கள்: ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. அந்தப் பதினொன்று கடைசி இடம். இருபது ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 2024-25 சீசனின் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. அந்த ஐந்து சீசன்களில் ஐ.எஸ்.எல்.லில் மோகன் பகானை ஒருமுறைகூட வென்றதில்லை. ஒரே ஒரு டிரா. பக்கத்து வீட்டில் வருஷம் தவறாமல் இறால் வாசனை அடிக்கிறது. 2024-25 சீசனில் லீக் ஷீல்டு, கோப்பை இரண்டையுமே அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஜூலை வந்தால் எல்லாம் மறந்துவிடும். புது வெளிநாட்டு வீரர் யார், டிஃபென்ஸை யார் பார்ப்பார்கள், ஸ்பானிஷ் கோச் ஆஸ்கர் புரூசோனுக்கு இந்த முறையாவது சீசனின் முதல் நாளிலிருந்தே அணி கையில் இருக்கிறதே என்று 2025ல் டீக்கடைகளில் கணக்குப் போட்டார்கள். (2024ல் அவர் வந்தது ஆட்டங்கள் தொடங்கிய பிறகு.) ஏப்ரலில் வங்காளப் புத்தாண்டு அன்று நடக்கும் பார் பூஜையையும் சாட்சிக்கு இழுத்தார்கள். நாம் புத்தகத்துக்கு மஞ்சள் தடவுவதுபோல, மைதான் கிளப்புகளில் கோல் போஸ்டுக்கு மாலை போட்டு, புரோகிதரை வைத்து மந்திரம் சொல்லிப் பூஜை செய்வார்கள். கோல் விழவும் வேண்டும், விழாமலும் இருக்க வேண்டும். கம்பம் பாவம், எந்த வேண்டுதலைக் கேட்கும்?

நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் ஒடிசாவை 3-2 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்தி சூப்பர் கோப்பையை வாங்கினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த தேசியக் கோப்பை அது. ஒன்பதாவது இடத்து அணி கோப்பையும் வாங்கும் என்று தெரிந்துபோனதால் வந்த வினைதான் இது. முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை மனசு விட்டுப்போயிருக்கும்.

2025ல் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. ஐ.எஸ்.எல். நடக்குமா என்பதே அப்போது தெரியவில்லை. லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் ஆகாததால் லீகை நிறுத்தி வைத்திருப்பதாக 2025 ஜூலை 11ஆம் தேதி கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டார்கள். அணி தேறுமா என்று கவலைப்பட்ட ரசிகன், ஆட்டமே உண்டா என்று கவலைப்பட வேண்டிய நிலை. இதைவிட ஒன்பதாவது இடமே தேவலை.

கைக்கெட்டும் தூரத்தில் அப்போது இருந்தது டூரண்ட் கோப்பை மட்டும்தான். 1888ல் சிம்லாவில் தொடங்கிய பழைய போட்டி. ஈஸ்ட் பெங்கால் அதைப் பதினாறு முறை வென்றிருந்தது, கடைசியாக 2004ல். 2023 இறுதி ஆட்டம் வரை வந்து ஒரே கோலில் கோட்டை விட்டது. யாரிடம் என்று சொல்ல வேண்டுமா?

2025ல் ஒரு புதன்கிழமை சால்ட் லேக் ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம் நடந்தது. எதிரணி, அகமது கானைத் தந்த அதே பெங்களூரிலிருந்து வந்தது. முதல் ஆட்டத்துக்கே இலிஷ் வாங்கினால் அபசகுனம் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஆனாலும் மழை விட்ட நேரமாகப் பார்த்து மீன் மார்க்கெட் பக்கம் போய், சும்மா விலை விசாரித்துவிட்டு வருவார்கள்.