வாயு என்னும் ஒரு சொல்

வாதம் என்பது வடசொல். காற்று என்பது அதன் பொருள். வாயு என்பதும் அதுவே. வளி என்னும் தமிழ்ச்சொல் நமக்கு இருந்தும், நோயைச் சொல்லுமிடத்து நம்மவர் வாதத்தையும் வாயுவையுமே வழங்கி வருகின்றனர். பிள்ளையின் கால் சூம்பினால் இளம்பிள்ளைவாதம். ஒருபக்கம் இழுத்தாற் பாரிசவாதம். முழங்கால் தேய்ந்தால் மூட்டுவாதம். விரல்கள் வீங்கிக் கோணினால் முடக்குவாதம். முதலாவது வைரசுக் கிருமியால் வருவது. இரண்டாவது மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ குழாய் வெடிப்பதாலோ வருவது. மூன்றாவதில் மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது. நான்காவதில் உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே திரும்பி வந்து மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறது. ஒன்றோடொன்று உறவில்லாத நால்வருக்கு ஒரே குடும்பப் பெயர் வைத்திருக்கிறோம்.

இது பண்டிதர் கூடிப் பேசித் தீர்க்கும் சொற்பிணக்கு மட்டுமாயின் ஒரு வார இதழின் பக்கத்தை இதற்காக நான் கேட்டிருக்கமாட்டேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி விடியலில் எழுகிறாள். இரு கை விரல்களும் மடங்க மறுக்கின்றன. போத்தல் மூடியைத் திறக்க இயலவில்லை. அடுப்படியில் ஒரு மணிநேரம் உழன்ற பின்னரே விரல்கள் இணங்குகின்றன. “கை உளைவு” என்கிறாள். “வாயுவாக்கும், அக்கா” என்று பக்கத்து மாடிக்காரி எண்ணெய் கொடுக்கிறாள். உருளைக்கிழங்கும் பருப்பும் விலக்கப்படுகின்றன. ஆண்டுகள் பத்துக் கழிகின்றன. ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது, தாடையிலே ஒரு நோவு, வயிற்றைப் புரட்டுகிறது. இப்போதும் வீட்டார் சொல்வது வாயு என்றுதான். உள்ளி இரசம் வருகிறது, சோடா வருகிறது. வைத்தியசாலைக்கு வண்டி வருவதில்லை.

மூட்டிலிருந்த வாயு நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று முதியோர் சொல்வதுண்டு. விந்தை யாதெனின், அவர்கள் கண்ட தொடர்பு உண்மை. கற்பித்த காரணமே பிழை. ஏறியது காற்றன்று, அழல். மூட்டில் மூண்ட அழற்சியின் இரசாயனப் பொருள்கள் குருதியோடு உடலெங்கும் சுற்றுகின்றன. குருதிக்குழாயின் உட்சுவர் அவற்றாற் பழுதுறுகிறது. அதிற் கொழுப்புப் படிவது விரைவாகிறது. படிந்த கொழுப்பும் நிலைகொள்ளாது வெடிக்க, அவ்விடத்திற் குருதி கட்டியாகி இருதயத்துக்குச் செல்லும் வழியை அடைக்கிறது. முடக்குவாதத்தை மூட்டுநோய் என்பது ஆகவே பாதி உண்மையே.

அமெரிக்க நாட்டில் 1976 ஆம் ஆண்டு தொடங்கித் தாதியர்களைத் தொடர்ந்து கவனித்து வந்த ஓர் ஆராய்ச்சியிலிருந்து 2003 இல் ஒரு முடிவு வெளியாயிற்று. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, முடக்குவாதமுடையோர்க்கு மாரடைப்பு ஏறக்குறைய 2 மடங்காகக் காணப்பட்டது. நோய் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ நீடித்தவர்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு. 2009 இல் ஐரோப்பிய வாதநோய் வல்லுநர் கழகம், இந்நோயாளருட் பலர்க்கு வழமையான முறையிற் கணக்கிட்ட இருதய அபாயத்தை 1.5 ஆற் பெருக்குக என விதி வகுத்தது.

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு கூடுதலாக வருவது. மாரடைப்போ ஆண்களின் நோயென்று நம் மனத்திற் பதிந்து போனது. வீட்டுத் தலைவர் நெஞ்சைப் பிடித்தவுடன் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைப்புப் போகிறது. தலைவிக்கோ, “புகைப்பதில்லை, குடிப்பதில்லை, அவவுக்கு என்ன இருதய வருத்தம்?” என்கிறோம். பெண்களின் மாரடைப்பு நெஞ்சுநோவோடுதான் வரவேண்டுமென்பதில்லை. முடக்குவாதமுடையோர்க்கு அந்நோவு வெளிப்படாமலே மாரடைப்பு நேர்ந்துவிடுவதும் மிகுதி. கொலஸ்திரோல் குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதிலும் ஓர் இடறு உண்டு: அழற்சி மும்முரமாக இருக்கையிற் குருதியிற் கொலஸ்திரோல் அளவு தாழ்ந்தே காட்டும்; அபாயம் தாழ்வதில்லை.

ஆண்கள் தப்பினார்கள் என்பதன்று. நாரிப்பிடிப்பென்று இளைஞர் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது சிலவேளை முதுகெலும்பு அழற்சியாக இருக்கும். காற்பெருவிரலை இரவோடிரவாகச் சிவந்து வீங்கச் செய்யும் யூரிக்கமில நோய் ஆண்களுக்கே மிகுதி. இவ்விரண்டும் இருதயத்தைத் தொடுவன. சிகரெட்டோ முடக்குவாதத்துக்கும் மாரடைப்புக்கும் ஒருங்கே வழிவிடுவது.

பழைய நூல்களை நான் இகழவில்லை. மாதவ நிதானம் ஆமவாதத்தைக் கூறுமிடத்து, நோய் முற்றியபோது தோன்றும் குறிகளுள் இருதயப் பிடிப்பையும் வைத்து எண்ணுகிறது. படித்தபோது வியந்தேன். ஆயினும் எல்லாம் நம்மவர் முன்பே கண்டதென்று மார்தட்டுதல் கற்றோர்க்கு அழகன்று; அந்நூலார் கண்டது, சிறுவர்க்குத் தொண்டைநோவோடு தொடங்கி மூட்டுக்களை வருத்தி, இருதய வாயில்களைப் பழுதாக்கிச் செல்லும் வாதக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அதுவும் வேறு நோய். அதற்கும் நாம் வைத்த பெயர் வாதமே.

1847 இல் இலங்கைக்கு வந்து 1873 இல் நாடு திரும்பிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். உடலமைப்பு நூலுக்கு அங்காதிபாதம் என்றும், உடலின் தொழிற்பாட்டைக் கூறும் நூலுக்குச் சுகரணம் என்றும் பெயரிட்டார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களமும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. சொல்லில்லாக் குறை நமக்கில்லை. அழற்சி மூட்டுநோய், தேய்வு மூட்டுநோய் என இரு பெயர்களைப் பிரித்து வழங்கினாற் போதும். வகுப்பறையிற் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் கரும்பலகையில் எழுதட்டும். காலையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் விறைப்பு, இரு கைகளிலும் சிறுமூட்டு வீக்கம், காரணமற்ற களைப்பு என்பன முன்னதன் அடையாளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பிள்ளை வீட்டிற்போய்த் தாயின் கையைப் பார்க்கும்.

இலவச வைத்தியம் உள்ள நாடு இது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையும், வாதநோய்க்கும் புனர்வாழ்வுக்குமென்றே அமைந்த இராகமை வைத்தியசாலையும் எட்டாத் தொலைவில் இல்லை. நோய் ஆரம்பத்திலே அறியப்பட்டு, வாரத்துக்கொருமுறை மட்டும் உட்கொள்ளும் மெதொத்ரெக்சேற் போன்ற மருந்தால் அழற்சி அடக்கப்பட்டால், மூட்டும் பிழைக்கும், இருதயத்தின் சுமையும் குறையும். நம்மவர் செய்வது வேறு. பார்மசியில் நோவுக் குளிசையை மாதக்கணக்காக வாங்கி விழுங்குகின்றனர். அக்குளிசைகளுட் பல இருதயத்துக்கு ஆகாதவை. அவ்வகையைச் சேர்ந்த ஒன்று, மாரடைப்பை மிகுவிப்பது கண்டு 2004 இல் உலகச் சந்தையிலிருந்தே மீட்கப்பட்டது. கிளினிக்கிற்குப் போகும் பெண்கள் விரல்களைக் காட்டியதோடு எழுந்து வராமல், குருதியமுக்கத்தையும் சீனியையும் கொலஸ்திரோலையும் பார்க்கும்படி கேட்கவேண்டும். “என் இருதயத்துக்கு இதனால் என்ன?” என்று வைத்தியரிடம் வாய்திறந்து கேட்பது மரியாதைக் குறைவாகாது.

அழற்சி என்றால் ஆருக்கு விளங்கும், வாயு என்றாற்றான் சனத்துக்குப் புரியும் என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். கொலஸ்திரோல் என்னும் நெடுஞ்சொல்லைக் கொட்டாஞ்சேனையில் மீன் வாங்க வரும் அம்மையார் பிழையின்றிச் சொல்கிறார். அழற்சி நான்கெழுத்து.